சுவாஹிலி, அன்கோலே பழமொழிகளில் பெண்ணைத் தேடும்போது சறுக்குகிற இடங்கள்

கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியின் பழமொழிகளுக்கு வந்த ஆங்கிலத் தொகுப்பு எதையாவது புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஓர் 'அவன்' நிற்பான். கட்டிலுக்கு அடியில் இருப்பதை விரும்புகிறவன் குனிய வேண்டும், அவன் இதைச் செய்தால் அவனுக்கு அது கிடைக்கும், இப்படியே போகும். பழமொழிகளில் பெண்ணுக்கு என்ன இடம் என்று தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு, "இவர்களுக்கு மனிதன் என்றாலே ஆண்தான்" என்று எழுதிவிடுகிறார்கள். சறுக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மூலம் இது: 'ம்தாகா சா ம்வுங்கூனி ஷர்த்தி அயினாமே.' ம்தாகா என்றால் வேண்டுகிற ஆள், அவ்வளவுதான். 'அயினாமே'யின் முன்னால் நிற்கும் 'அ' அவனுக்கும் அதுதான், அவளுக்கும் அதுதான். சுவாஹிலி வினையில் ஆண்பால், பெண்பால் கிடையாது. உகாண்டாவின் தென்மேற்கில் அன்கோலே மக்கள் பேசும் ருன்யன்கோரேயிலும் அப்படியே. 'அவன்' வந்தது மொழிபெயர்ப்பில். தமிழிலும் 'விரும்புகிறவன்' என்று போட்டால் நாமே மீசை ஒட்டிவிட்டோம் என்று அர்த்தம். 'கட்டிலுக்கடியில் இருப்பது வேண்டுமென்றால் குனிந்துதான் ஆகணும்' என்று எழுதினால் சிக்கலே இல்லை. 'ம்வானா' என்று வருமிடத்தில் யோசிக்காமல் 'மகன்' என்று போடுவதும் இதே கதை. அது பெரும்பாலும் பிள்ளை, ஆணோ பெண்ணோ.

அதற்காகப் பெண் என்ற சொல் வருகிற பழமொழிகளை மட்டும் பொறுக்கி எண்ணினாலும் சரிவராது. 'ஃபஹாலி வவிலி ஹவகாய் ஸிஸி மோஜா': இரண்டு காளை ஒரே தொழுவத்தில் தங்காது. ஒரே உறையில் இரண்டு கத்தி என்று நாம் சொல்கிற சங்கதிதான். இதில் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அதிகாரம் என்றதும் மனசில் வந்து நின்றது காளை. ஆண், பெண் பற்றிய எண்ணம் இப்படி உவமைக்குள் ஒளிந்திருக்கும்.

இனி, பலர் தடுக்கி விழுகிற ஒன்று. 'ம்கே நி ங்குவோ, ம்கோம்பா குபலிலியா.' சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மனைவி துணி, வாழை களைவெட்டு'. பெண்ணைத் துணியென்று சொல்லிவிட்டார்கள் என்று கொதிப்பவர்கள் உண்டு. பழமொழி சொற்களை விழுங்கியிருக்கிறது, அதை நிரப்பிப் படிக்கணும்: வாழைக்குக் களை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மனைவிக்குத் துணிமணி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சரி, இது பெண்ணுக்குச் சாதகமா, பாதகமா? கணவனைப் பார்த்து மனைவி சொன்னால் இது உரிமைக் குரல். கடற்கரைச் சுவாஹிலி மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். மனைவிக்கு உணவும் உடையும் இருப்பிடமும் தருவது கணவனின் கடமை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதே வார்த்தை இரண்டு ஆண்கள் உட்கார்ந்து பேசும் இடத்தில் வந்தால், மனைவி தோட்டத்து வாழையாகிவிடுகிறாள், செலவு வைக்கிற சொத்து. இரண்டும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. யார் யாரிடம் சொன்னார் என்று கேட்காமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் பிழை.

இதன் மறுமுனையில் வெள்ளையடிப்பு. 'பெண்புத்தி பின்புத்தி' என்பதற்குப் 'பின்வருவதை முன்பே அறியும் புத்தி' என்று இணையத்தில் விளக்கம் சுற்றுகிறதே, அந்த ரகம். கசப்பான பழமொழி கசப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

'ஆப்பிரிக்கப் பழமொழி' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவாஹிலி லாமு, மொம்பாசா, சான்சிபார் எனக் கடலோரத்தில் பிறந்து உள்நாட்டுக்குப் பரவிய மொழி. அன்கோலேயின் ம்பராரா நகரமோ மொம்பாசாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், நீண்ட கொம்பு மாடுகளின் நாடு. அந்த அன்கோலேயும் ஒரே குரல் இல்லை. அதில் இரண்டு பிரிவு: பஹிமா என்பவர்கள் மாடு வளர்த்தவர்கள், பைரு என்பவர்கள் மண்ணைக் கொத்தியவர்கள். பைருப் பெண் மண்வெட்டி பிடித்தாள். பஹிமா வீட்டில் பால் கறப்பது ஆண் வேலை; பால்குடுவைகளைப் பராமரிப்பதும் தயிர் கடைந்து நெய் எடுப்பதும் பெண்ணுடையது. 'சோம்பேறி மனைவி' என்று இந்த இரண்டு வீட்டிலும் சொன்னால் ஒரே பெண்ணா கண்முன் வருவாள்? இந்தப் பிளவு லேசானதும் அல்ல. 1967-இல் ஒழிக்கப்பட்ட அன்கோலே அரசு, 1993 முதல் புகாண்டா, டோரோ போன்ற உகாண்டாவின் மற்ற அரசுகள் மீண்டபோதும் மீளாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழமொழியை இன்றைய சட்டம்போலப் படிப்பதும் உண்டு. அன்கோலேயில் பெண் வீட்டுக்கு மாடாகக் கொடுக்கும் பரிசத்துக்கு 'என்ஜுகானோ' என்று பெயர். மணம் முறிந்தால் அதைத் திருப்பிக் கேட்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உகாண்டா உச்ச நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. பரிசத்தையே தடை செய்யவில்லை. பரிச மாட்டைப் பற்றிய பழைய பேச்சை இன்று கேட்கிற பெண் இந்தத் தீர்ப்புக்குப் பிந்தைய உகாண்டாவில் இருக்கிறாள்.

கடைசியாக, பழமொழிகளைப் புத்தகத்தில் மட்டும் தேடுவது. பழைய தொகுப்புகள் பலவும் பாதிரிமார் சேர்த்தவை. பெண்கள் தேர்ந்தெடுத்த பழமொழிகள் வேண்டுமென்றால் துணிக்கடைக்குப் போகணும். அங்கே பெண்கள் உடுத்தும் கங்கா என்ற துணி, மொம்பாசாவில் அதற்கு லேசோ என்று பெயர். ஜோடியாக விற்பார்கள், ஒன்று இடுப்புக்கு, ஒன்று தலைக்கோ தோளுக்கோ. சுற்றிலும் கரை, நடுவில் கோலம், அதற்குக் கீழே ஒரு வரி வாசகம். அதற்கு 'ஜினா', அதாவது பெயர், என்று சொல்வார்கள். 'நானி காமா மாமா', அம்மாவைப்போல் யார் என்ற வாசகத்தைத் தாய்க்கு வாங்கித் தருவார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கோ சக்களத்திக்கோ உறைக்கும்படி ஒரு வாசகத்தைப் பார்த்து வாங்கி, உடுத்திக்கொண்டு அவள் வாசல் வழியாக ஒரு நடை நடப்பதும் உண்டு. வாய் திறக்க வேண்டியதில்லை. சண்டைக்கு வந்தால், "கடையில் இருந்தது, பூ நன்றாக இருந்தது, வாங்கினேன்" என்று சொல்லிவிடலாம்.