அள்ளிய டன் கணக்கு கடலின் கணக்காகாது

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மை நாள். மறுநாள் செய்தித்தாளில் ஓர் எண் தவறாமல் வரும்: இத்தனை டன் குப்பை அகற்றப்பட்டது. அடுத்த ஆண்டு அந்த எண் கூடினால் சாதனை என்கிறோம். குறைந்தால் என்ன சொல்வது? கரையில் குப்பையே குறைந்துவிட்டதா, தன்னார்வலர்கள் குறைவாக வந்தார்களா என்று அந்த எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அள்ளியவர்களின் உழைப்பை அது காட்டுகிறது. அதற்குரிய மரியாதை அவர்களுக்கு உண்டு. ஆனால் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக் குறைந்ததா என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

டன் என்ற அளவே கரையில் ஏமாற்றும். சாக்கில் போவது பிளாஸ்டிக் மட்டும் இல்லை. ஈர மணல், பாசி, செருப்பு, தண்ணீர் நிறைந்த பாட்டில் எல்லாம் சேர்ந்துதான் தராசில் ஏறுகின்றன. அறுந்த நைலான் வலைச் சுருள் ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைய எடை முழுவதும் அதன் எடைதான். ஆயிரம் ஷாம்பு உறைகளைப் பொறுக்கினாலும் அதன் பக்கத்தில் அவை தெரியாது. எண்ணிக்கையை மட்டும் நம்பினாலோ நேர்மாறு நடக்கும்: உறைகளும் மூடிகளும் பட்டியலை நிரப்ப, ஆமையின் கழுத்தை இறுக்கும் வலை 'ஒன்று' என்று ஒரு மூலையில் கிடக்கும். மீன்பிடி துறைமுகம் அருகே தெர்மாகோல் பெட்டி ஒன்று உடைந்தால் அது நூறு துண்டாகும். எண்ணுபவரின் தாளில் குப்பை நூறு மடங்கு பெருகிவிடும். ஆகவே எடை, எண்ணிக்கை இரண்டும் வேண்டும்; பொருள்வாரியாகவும் பிரித்து எழுத வேண்டும். 'இதரவை' என்ற கட்டத்தில் பாதிக் குப்பையைப் போட்டுவிட்ட கணக்கு, எந்தப் பொருளைத் தடுப்பது என்று முடிவெடுக்க உதவாது.

எங்கே எண்ணுகிறோம் என்பது இன்னும் முக்கியம். மெரினாவைப் போல மாநகராட்சித் தொழிலாளர்களும் இயந்திரங்களும் அன்றாடம் சுத்தம் செய்யும் கரையில் எண்ணினால் தெரிவது துப்புரவின் தரம். அதைக் கொண்டு நகரம் வீசும் பிளாஸ்டிக் குறைந்தது என்று அறிவிக்கக் கூடாது. வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் ஆஸ்பார் என்ற கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் பின்பற்றும் முறை எளிமையானது: ஒரே கரையில் குறிப்பிட்ட 100 மீட்டர், ஆண்டுக்கு நான்கு முறை, ஒரே பொருள் பட்டியல். நம் ஊரிலும் ஒரு பள்ளியோ மீனவர் சங்கமோ இதைச் செய்துவிடலாம். இரு முனைகளுக்கும் நகராத அடையாளம் வேண்டும். ஒரு மின்கம்பம், ஒரு கோயில் சுவர் போதும். அலை ஏறி நின்ற கோட்டிலிருந்து மேட்டு மணலின் விளிம்பு வரை நடந்து எண்ண வேண்டும். அடுத்த முறை வேறு ஆட்கள் வந்தாலும் அதே எல்லை, அதே பட்டியல்.

இங்கே இருப்பையும் வரவையும் குழப்பிக்கொள்வதைப் பலமுறை பார்க்கிறேன். கரையில் இன்று கிடப்பது இருப்பு. அது ஐந்து ஆண்டுகளாக மணலில் புதைந்திருந்ததாகவும் இருக்கலாம். முற்றிலும் சுத்தம் செய்துவிட்டு, குறித்த நாள் கழித்துத் திரும்பி வந்து எண்ணினால் கிடைப்பது வரவு. ஒரு தடையோ திட்டமோ பலித்ததா என்று அறிய வரவுதான் உதவும்.

பருவத்தையும் மறக்கக் கூடாது. அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே பட்டினப்பாக்கம், தெற்கே பெசன்ட் நகர். வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகும்போது, கால்வாய்களில் மாதக்கணக்கில் தேங்கியவை எல்லாம் அந்த வாய் வழியாகத்தான் வெளியேறும். ஆகஸ்டில் எண்ணியதை டிசம்பரோடு ஒப்பிட்டால் திட்டம் தோற்றுவிட்டது என்று தோன்றும். டிசம்பரில் தொடங்கி ஆகஸ்டில் முடித்தால் வெற்றி விழா கொண்டாடலாம். இரண்டுமே மழையின் வேலை. டிசம்பரை டிசம்பரோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

தொடக்க ஆண்டைத் தேர்வதிலும் இதே கண்ணி உண்டு. 2025 மே 25 அன்று கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த, பிளாஸ்டிக் பொருட்கள் செய்ய மூலப்பொருளாகும் பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரி மாவட்டக் கரைகள் வரை ஒதுங்கின. அந்த ஜூன் மாதத்தை அடிப்படையாக வைத்து ஒருவர் குருணைகளை எண்ணத் தொடங்கினால், எதுவும் செய்யாமலே அடுத்தடுத்த ஆண்டுகளில் முன்னேற்றம் காட்டிவிடுவார். பையும் பாட்டிலும் மட்டும் எண்ணுபவரின் தாளிலோ அந்தப் பேரழிவு ஏறவே ஏறாது. குருணை ஒன்றின் அளவு 5 மில்லிமீட்டருக்கும் கீழே. எந்த அளவுக்கு மேற்பட்ட பொருளை எண்ணினோம் என்று எழுதாத அறிக்கையை மற்றொன்றோடு ஒப்பிடவே கூடாது.

சட்டங்களின் பலனை அளப்பதில் நடக்கும் தவறுகள் வேறு வகை. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. உற்பத்தியின்போதே பொருளைப் பொதியும் உறைகளுக்குத் தொடக்கத்தில் விலக்கு இருந்தது. எனவே தடை செய்யப்பட்ட பொருட்களை மட்டும் எண்ணினால், கரையில் சிப்ஸ் உறை பெருகுவது கண்ணுக்குப் படாது. பறிமுதல் செய்த டன்னும் விதித்த அபராதமும் அதிகாரிகளின் சுறுசுறுப்பைக் காட்டும். கூடினால் தடை வேலை செய்கிறதா, மீறல் கூடுகிறதா?

பையின் தடிமன் விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாடு முழுவதும் குறைந்தபட்சத் தடிமன் 50 மைக்ரானிலிருந்து (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) 2021 செப்டம்பர் 30 முதல் 75 ஆகவும், 2022 டிசம்பர் 31 முதல் 120 ஆகவும் உயர்த்தப்பட்டது. அதே அளவுப் பை 120 மைக்ரானில் 2.4 மடங்கு பிளாஸ்டிக் தின்னும். பைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால்கூட, புழங்கும் பிளாஸ்டிக்கின் எடை முன்னைவிடக் கூடியே இருக்கும். இது தெரியாமல் 'பை பாதியாகிவிட்டது' என்று மகிழ்வது ஆபத்து. 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் வழங்கிய பைகளின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. காய்கறிக் கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்று, நூறு பேரில் எத்தனை பேர் கையில் பையோடு வருகிறார்கள் என்று எண்ணினால் போதும்.

அயர்லாந்து இதைச் சரியாகச் செய்தது. 2002 மார்ச்சில் பைக்கு 15 சென்ட் வரி விதித்தார்கள். ஒருவர் ஆண்டுக்கு வாங்கிய பைகள் சுமார் 328-லிருந்து 21 ஆகக் குறைந்தன. அதோடு நிற்காமல், தெருக் குப்பையில் பிளாஸ்டிக் பையின் பங்கையும் வரிக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள்: 2001-ல் 5 சதவீதம், 2004-ல் 0.22. கடைக் கணக்கும் தெருக் கணக்கும் ஒரே கதையைச் சொன்னதால்தான் அந்த வெற்றியை நம்ப முடிகிறது.

உலகளாவிய எண்களை எடுத்தாளும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. ஆண்டுக்கு 80 லட்சம் டன் பிளாஸ்டிக் கடலில் சேர்கிறது என்பது 2015-ல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. அதன் உண்மையான வீச்சு 48 முதல் 127 லட்சம் டன். கரையோர மக்கள்தொகையையும் குப்பை மேலாண்மைத் தரவையும் கொண்டு 2010-ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கு அது. கடலில் இறங்கி அளந்தது இல்லை. கடலிலும் கரையிலும் எடுத்த அளவீடுகளோடு பொருத்திய 2023 ஆய்வு, ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன் என்றது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்று ஒருவர் பேசலாம். மாறியது கணக்கிடும் முறை. ஆறுகளிலும் இதே நிலை: ஆறுகள் வழியே கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் பெரும் பங்குக்குப் பத்து ஆறுகளே காரணம் என்று 2017-ல் சொன்னார்கள், 2021 ஆய்வு, 80 சதவீதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து வருகிறது என்றது. பத்து ஆறுகளை மட்டும் கண்காணித்து முன்னேற்றம் அளக்கத் திட்டமிட்டவர் என்ன செய்வார்?

தாங்கள் சந்தைக்கு விடும் பிளாஸ்டிக்கின் மறுசுழற்சிக்கு நிறுவனங்களையே பொறுப்பாக்கும் உற்பத்தியாளர் பொறுப்புத் திட்டத்தின் மறுசுழற்சிச் சான்றிதழ்களையும் அப்படியே கூட்டிவிடக் கூடாது. 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்திய தணிக்கையில் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்கள் வெளிப்பட்டன. தாளில் உருகிய பிளாஸ்டிக் ஆற்றில் மிதந்துகொண்டிருக்கலாம்.

கடைசியாக, சராசரி. ஒரு கரையில் ஆண்டின் நான்கு எண்ணிக்கைகள் 40, 55, 60, 900 என்று வைத்துக்கொள்வோம். 900 வெள்ளத்துக்கு மறுவாரம் வந்தது. சராசரி சுமார் 264. அந்த ஆண்டின் எந்த நாளையும் அது காட்டவில்லை. வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்தால் 57.5. ஐரோப்பிய ஒன்றியமும் 100 மீட்டருக்கு 20 பொருள் என்ற தன் வரம்பைச் சோதிக்க இந்த நடு எண்ணையே பயன்படுத்துகிறது. ஆனால் 900-ஐத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதைத் தனி வரியில், தேதியும் மழையளவும் சேர்த்து வெளியிடுங்கள். ஆற்றின் எந்தக் கால்வாயில் தடுப்பு வலை போட வேண்டும் என்று பொறியாளர் தேடுவது அந்த வரியைத்தான்.