யாரோ செடி: பறிப்பதில் தொடங்கி ஆய்வுக்கூடம் வரை நேரும் தவறுகள்

ஆங்கிலத்தில் யாரோ (yarrow) எனப்படும் மூலிகைச் செடியின் பெயரைத் தமிழில் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் இந்தச் செடியின் ஆய்வில் நேரும் முதல் தவறே, அது யாரென்று பார்க்காமல் 'யாரோ' என்றபடி பறித்துக்கொண்டு வருவதுதான். அதன் அறிவியல் பெயரான அக்கில்லியா மில்லிஃபோலியம் என்பது ஐரோப்பியப் புல்வெளிகளில் ஒற்றைச் செடியின் பெயரல்ல, ஒரு கூட்டத்தின் பெயர். குரோமோசோம் எண்ணிக்கை 18, 36, 54, 72 என்று மாறும். இந்தக் கூட்டத்தில் 36 உள்ள அக்கில்லியா கொலினாவில் வடித்த எண்ணெய் பெரும்பாலும் நீலமாக வரும். 54 உள்ள அசல் மில்லிஃபோலியத்தில் அந்த நீலம் பொதுவாக இருக்காது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், வேர்நுனியில் குரோமோசோமை எண்ணிப் பாருங்கள். அதே செடியில் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, பறித்த இடமும் தேதியும் எழுதி வையுங்கள்.

இதைவிட ஆபத்தானது, நச்சுச் செடியான ஹெம்லாக்கை யாரோ என்று நினைப்பது. ஹெம்லாக்கின் பூக்காம்புகள் குடைக்கம்பிபோல ஒரே புள்ளியிலிருந்து விரியும். தண்டு வழவழப்பாக, உள்ளே வெற்றாக, ஊதாப் புள்ளிகளோடு இருக்கும். யாரோவில் காம்புகள் வெவ்வேறு உயரத்தில் கிளைத்து மேலே தட்டையாக முடியும். ஒவ்வொரு குட்டிப் பூவும் உண்மையில் ஒரு பூக்கொத்து. ஓரத்தில் சுமார் 5 வெள்ளை இதழ்கள் இருக்கும்.

நீல நிறத்துக்குக் காரணமான கமாசுலீன் செடிக்குள் இருப்பதாகவே பலர் எழுதுகிறார்கள். அது இருப்பதில்லை. செடியில் இருப்பவை நிறமற்ற புரோஅசுலீன்கள். நீராவியில் வடிக்கும்போது அவை சிதைந்துதான் கமாசுலீன் உருவாகிறது. அதனால் கரைப்பானில் எடுத்த சாற்றிலோ தேநீரிலோ நீலத்தைத் தேடிவிட்டு "இந்தச் செடியில் சரக்கில்லை" என்று தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

அளவில் ஏமாறுவதும் சகஜம். ஐரோப்பிய மருந்தியல் தரநூல் கேட்பது உலர்ந்த செடியில் கிலோவுக்குக் குறைந்தது 2 மி.லி. எண்ணெய், 0.02 சதவீதம் புரோஅசுலீன். 20 கிராம் உலர்ந்த பூந்தண்டை வடித்தால், அந்தக் கணக்கில் கிடைப்பது 0.04 மி.லி., அதாவது ஒரு துளி. அளந்து படிக்க வசதியாக அதில் சைலீன் என்ற கரைப்பானைச் சேர்ப்பார்கள். அந்தக் கலவையையே எடுத்து, கிருமிகளைத் தடுக்கிறதா என்ற சோதனைக்கு ஊற்றினால், சோதிக்கப்படுவது சைலீனும்தான். உயிரியல் சோதனைக்குச் சைலீன் இல்லாமல் தனியாக, கூடுதல் செடி போட்டு வடிக்க வேண்டும். எண்ணெய் பெரும்பாலும் பூவில்தான் இருக்கிறது, 3 மி.மீ.க்கு மேல் தடித்த தண்டுகள் எடையைத்தான் கூட்டும். நிழலில், 40 டிகிரிக்குள் உலர்த்துங்கள். வடித்த நீலம் காற்றிலும் வெளிச்சத்திலும் பச்சையாகி, பிறகு பழுப்பாகும். பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் வாய்வரை நிரப்பிக் குளிரில் வையுங்கள்.

அந்தக் கிருமிச் சோதனையிலும் சறுக்கல் உண்டு. எண்ணெய் தண்ணீரில் கரையாது, கிருமி வளர்க்கும் கூழான அகரில் சரியாகப் பரவாது. எனவே தட்டில் தெரியும் கிருமி வளராத வளையத்தின் அளவை நம்புவதைவிட, எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் ட்வீன் 80 சேர்த்து திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து பார்ப்பது மேல். ஒப்பிட்டுப் பார்க்க, எண்ணெய் இல்லாமல் ட்வீனை மட்டும் வைத்து ஒரு கட்டுப்பாட்டுக் குழாயும் வேண்டும். பித்தத்தைத் தூண்டுவதாகச் சொல்லப்படும் டைகஃபியோயில்குவினிக் அமிலங்களும், தசை இறுக்கத்தைத் தளர்த்தும் லூட்டியோலின், அபிஜெனின் போன்ற ஃபிளேவனாய்டுகளும் எண்ணெயில் வராது, நீர்ச்சாற்றிலும் ஆல்கஹால் சாற்றிலும்தான் வரும். எண்ணெயின் முடிவை எடுத்துத் தேநீரின் பலனுக்குச் சான்றாக வைப்பது பொருந்தாது.

செவந்தி, கெமோமைல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஒரே குடும்பம். பறிக்கும்போதே கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.