பைக் ரேடியேட்டர் ஃபேன் எப்போது ஓட வேண்டும்? வீட்டு வாசலிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளும் முறை

சித்திரை வெயிலில் காரைக்குடி செக்காலை ரோட்டு நெரிசலில் வண்டி நிற்கும்போது, டேங்குக்கு அடியில் திடீரென்று விர்ரென்று ஒரு சத்தம் கேட்கும், முழங்காலில் அனல் அடிக்கும். புது வண்டிக்காரர்கள் பலர் பயந்துபோய் உடனே இன்ஜினை அணைத்துவிடுகிறார்கள். அணைக்க வேண்டாம். அது ரேடியேட்டர் ஃபேன். அந்த நேரத்தில் அது ஓடத்தான் வேண்டும், ஓடாவிட்டால்தான் கவலை.

முதலில் உங்கள் வண்டியில் ஃபேன் இருக்கிறதா என்று பாருங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் தேன்கூடு மாதிரி மெல்லிய தகடுகளோடு, இன்ஜின் சூட்டை வெளியேற்றும் ஒரு ரேடியேட்டர் இருக்கும். அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஃபேன் உட்கார்ந்திருக்கும். ஆர்15, டியூக் 390, பல்சர் என்எஸ்200 போன்றவற்றில் இது உண்டு. ஸ்பிளெண்டர், பழைய புல்லட் எல்லாம் காற்றில் குளிரும் வண்டிகள், இவற்றில் கிடையாது. பல்சர் 220-இல் இருப்பது இன்ஜின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர். அதில் ஃபேனைத் தேட வேண்டாம்.

ஃபேன் எதைப் பார்த்து ஓடுகிறது?

கூலன்டின், அதாவது இன்ஜினைக் குளிர்விக்க அதற்குள் ஓடும் திரவத்தின், சூட்டை மட்டும். இன்ஜினில் உள்ள சென்சார் அந்தச் சூட்டை அளந்து இசியுவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர்) சொல்லும், இசியு ரிலேவை (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) போடும், ஃபேன் சுற்றும். தெர்மோஸ்டாட் என்ற, சூடேறினால் திறக்கும் வால்வு பெரும்பாலும் 70 முதல் 85 டிகிரிக்குள் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும். ஃபேன் அதற்கும் மேலே, பல வண்டிகளில் 95 முதல் 105 டிகிரிக்குள் தொடங்கும். சூடு சில டிகிரி இறங்கியதும் தானாக நிற்கும். உங்கள் மாடலுக்கு உரிய எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

100 டிகிரியில் கொதித்துவிடாதா என்று கேட்பீர்கள். கூலன்டில் கொதிநிலையை உயர்த்தும் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்திருக்கிறது, ரேடியேட்டர் மூடியும் சுமார் 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 120 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. அதனால்தான் சூடான வண்டியில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்டதும் கூலன்ட் கொதித்து முகத்தில் பீறிடும்.

வண்டி 40 கி.மீ. வேகத்தில் ஓடினாலே எதிர்க்காற்று போதும், ஃபேன் அநேகமாகத் தேவைப்படாது. பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி அடிவாரத்தில் கூட்டத்துக்குள் ஊர்ந்தால் அடிக்கடி ஓடும். பருவமும் கணக்கில் வரும். கூலன்ட் 90 டிகிரி, வெளிக்காற்று 40 டிகிரி என்றால் வித்தியாசம் 50 தான். மார்கழி விடியலில் காற்று 22 டிகிரி என்றால் வித்தியாசம் 68. ரேடியேட்டர் வெளியேற்றும் சூடு இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆக, மார்கழியில் கேட்காத ஃபேன் மே மாதத்தில் நிமிடத்துக்கு நிமிடம் கேட்டால் அது பழுதில்லை.

சோதனை

1. காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். வண்டியைத் தெருவாசலுக்குக் கொண்டு வாருங்கள். முகப்பிலோ (வாசல் கூடம்) வளவுக்குள்ளோ (வீட்டு உள்முற்றம்) வைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம், சைலன்சர் புகை மூச்சுக்கு ஆபத்து.

2. வண்டியை நிமிர்த்திப் பிடித்து கூலன்ட் ரிசர்வ் டேங்கைப் பாருங்கள். கூலன்ட் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் அளவு தப்பாகக் காட்டும்.

3. நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் ஐடிலில் விடுங்கள். இப்போது ஃபேன் ஓடக்கூடாது. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் ஹோஸ் முதலில் சூடில்லாமல் குளிர்ந்தே இருக்கும். தெர்மோஸ்டாட் திறந்ததும் சில நொடிகளில் சூடேறும். விரலால் ஒரு கணம் தொட்டாலே தெரியும், ஆனால் ஃபேன் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். அது சொல்லாமல் சுற்றும்.

4. காத்திருங்கள். வெயில் காலத்தில் 10, 15 நிமிடத்துக்குள் ஃபேன் தொடங்கிவிடும். தொடங்கியதும் ஒரு துண்டுத் தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் நீட்டுங்கள். தாள் உள்ளே இழுக்கப்பட்டு ஒட்டிக்கொண்டால் காற்று சரியான திசையில் போகிறது. ஃபேனை மாற்றிய பிறகு தாள் வெளியே தள்ளப்பட்டால், வயர்கள் இடம் மாறியிருக்கின்றன.

5. ஓரிரு நிமிடத்தில் ஃபேன் நின்று, சற்று நேரத்தில் மறுபடி தொடங்கினால் எல்லாம் சரி. ஃபேன் தொடங்கும் முன்பே சூட்டு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அந்த நொடியே இன்ஜினை அணையுங்கள்.

சாவியை அணைத்த பிறகு சில மாடல்களில் ஃபேன் தொடர்ந்து ஓடும், சிலவற்றில் உடனே நிற்கும். நிற்பவற்றில் டீ குடித்துவிட்டு வந்து சாவி போட்டதும் ஃபேன் சுற்றலாம். இன்ஜின் அணைந்ததும் கூலன்ட் ஓட்டம் நின்று சூடு தேங்குவதால் இப்படி ஆகும். இதுவும் இயல்புதான்.

ஃபேன் ஓடவே இல்லையென்றால்

முதலில் ஃபியூஸ். அடுத்து ஃபேன் கனெக்டர். வாட்டர் வாஷ் தண்ணீர் இறங்கிப் பச்சை பிடித்திருக்கும். பிறகு மோட்டார். ஆறிய வண்டியில் கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த வயரால் 12 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுங்கள். பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. சுற்றினால் மோட்டார் நல்லது. ரிலே, வயரிங், சென்சார் பக்கம் பாருங்கள். சுற்றாவிட்டால் செம்மண் புழுதி இறுகி மோட்டார் சிக்கியிருக்கலாம்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. கூலன்ட் குறைந்துபோனால் சென்சார் காற்றுக் குமிழுக்குள் நிற்கும். இன்ஜின் கொதிக்கும், சென்சாருக்குச் சூடு எட்டாது, ஃபேன் சும்மா இருக்கும். அதனால்தான் இரண்டாவது படியைத் தாண்டக்கூடாது.

வண்டி சூடே ஏறாமல், மைலேஜும் குறைந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றிருக்கலாம்.

ஓடிக்கொண்டே இருந்தால்

ஆறிய வண்டியிலும் சாவி போட்டவுடன் ஓடினால் ரிலே ஒட்டியிருக்கும், அல்லது சென்சார் வயர் அறுந்திருக்கும். சென்சார் தகவல் வராதபோது பல இசியுக்கள் பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும். அப்போது இன்ஜின் விளக்கும் எரியும்.

தேவகோட்டைக்கு 70 கி.மீ. வேகத்தில் போகும்போதும் ஃபேன் நிற்காவிட்டால் ரேடியேட்டர் தகடுகளைப் பாருங்கள். செம்மண்ணும் மாலை நேரத்துப் பூச்சிகளும் அடைத்திருக்கும். சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பின்பக்கமிருந்து மெதுவாக விட்டுக் கழுவுங்கள். வாட்டர் வாஷ் பிரஷர் பட்டால் தகடுகள் மடங்கிவிடும்.

கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்புப் படிந்து உள்ளே அடைக்கும். ரெடிமிக்ஸ் கூலன்டை அப்படியே ஊற்றலாம். கெட்டியான கூலன்ட் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலக்க வேண்டும். கீழே சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்: எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், தெருநாய் நக்கினால் செத்துவிடும்.