டொரோண்டோ குளிரில் தோல் வறண்டு வெடிக்காமல் இருக்க: குளித்துவிட்டு வரும் அந்த மூன்று நிமிடம்

கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் விரல் நுனியில் சுரீரென்று ஷாக் அடிக்கிறதா? ஸ்வெட்டரைத் தலை வழியாகக் கழற்றும்போது சடசடவென்று சத்தம் கேட்கிறதா? அப்படியானால் உங்கள் வீட்டுக் காற்று காய்ந்துபோய்விட்டது. முழங்காலுக்குக் கீழே அரிப்பு தொடங்க இன்னும் சில நாள்தான்.

டொரோண்டோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வெளியே அடிக்கிற குளிர்தான் தோலைக் கெடுக்கிறது என்று நினைத்து, தடித்த ஜாக்கெட், கையுறை, கம்பளித் தொப்பி என்று வெளியே போவதற்கு எல்லா ஏற்பாடும் செய்துகொண்டேன். வீட்டுக்குள் வந்ததும் ஹீட்டிங்கை 25 டிகிரிக்கு ஏற்றிவிட்டு, உடம்பு சிவக்கிற அளவு சுடுதண்ணீரில் அரை மணி நேரம் நிற்பேன். ஜனவரி நடுவில் விரல் கணுக்களில் எல்லாம் தோல் கீறிவிட்டது. ஒரு நாள் சப்பாத்திக்கு மாவு பிசையும்போது உப்பு அந்தக் கீறலில் இறங்கி, கையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். அன்றைக்குத்தான் இதை உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

காரணம் ரொம்ப எளிது. மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் ஒரு கன மீட்டர் காற்று, ஆவியாக 2 கிராம் சொச்சம் தண்ணீரைத்தான் தாங்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடானால் 18 கிராம் வரை அதில் இடம் இருக்கிறது, ஆனால் அதனிடம் இருப்பது அதே 2 கிராம்தான். மிச்ச இடத்தை நிரப்ப அது கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் ஈரத்தை இழுக்கும், மரத்தரை, தொட்டிச் செடி, மூக்குத் துவாரம், நம் தோல் எதையும் விடாது. வியர்வை காயாத சென்னைக் காற்றில் வளர்ந்தவர்களுக்கு இது புதுசு. குளிரைவிட, குளிருக்காக நாம் மூட்டுகிற சூடுதான் தோலுக்கு அதிகக் கெடுதல்.

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த செல்கள் செங்கல், நடுவே பூசியிருக்கும் கொழுப்பு சாந்து. அந்தச் சாந்தில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. உள்ளங்கை, உள்ளங்காலைத் தவிர மற்ற இடங்களில் இந்தச் சுவர் ஒரு தாளின் தடிமன்கூட இருக்காது. சுடுதண்ணீரும் சோப்பும் சாந்தைக் கரைத்துவிடும், அப்புறம் உள்ளே இருக்கும் தண்ணீர் இடுக்கு வழியாகத் தப்பிப் போய்க்கொண்டே இருக்கும். முழங்காலுக்குக் கீழே எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு என்பதால்தான் முதல் அடி அங்கே விழுகிறது.

ஆகவே நீங்கள் மாற்ற வேண்டியது முதலில் குளியல். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், 5 முதல் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அமிலமா காரமா என்று சொல்லும் pH அளவில் (7 நடுநிலை, மேலே காரம், கீழே அமிலம்) வழக்கமான சோப்புக் கட்டி 9, 10 என்று இருக்கும், தோலோ 5-ஐ ஒட்டி லேசான அமிலத்தன்மை கொண்டது. அதனால் உடம்பு முழுக்க நுரைக்க நுரைக்கத் தேய்க்காமல், அக்குள், இடுக்குகள், பாதம் இவற்றுக்கு மட்டும் சோப்பு போடுங்கள், அதுவும் வாசனை இல்லாத மென்மையான க்ளென்ஸராக இருந்தால் நல்லது. பனியில் நடந்துவிட்டு வந்த கைகால் அழுக்காகவா இருக்கிறது? கடலைமாவு, பயத்தமாவு, நார் எல்லாவற்றையும் ஏப்ரல் வரை அலமாரியில் வைத்துவிடுங்கள். எண்ணெய் வழிகிற வெயில் காலத்துக்கு நம் ஊரில் வந்த பழக்கம் அது, காய்ந்த தோலைத் தேய்த்தால் இன்னும் காயும்.

இனி அந்த மூன்று நிமிடம். குழாயை மூடியதும் பாத்ரூம் கதவைத் திறக்காதீர்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், தோளிலும் காலிலும் ஈரம் லேசாகப் பிசுபிசுக்கும்போதே நிறுத்திவிட்டு, அங்கேயே நின்று க்ரீமைப் பூசுங்கள். என் வீட்டில் க்ரீம் டப்பா படுக்கையறையில் இல்லை, பாத்ரூம் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது, அந்தக் கண்ணாடியில் படிந்த ஆவி விலகுவதற்குள் பூசி முடித்துவிட வேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு. முதலில் கால், அப்புறம் கை, முதுகில் எட்டுகிற வரை, கடைசியில் முகம். உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து இரண்டு கையாலும் சூடேற்றிக்கொண்டு, முடி வளர்கிற திசையிலேயே நீவிவிட்டால் போதும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். எந்த க்ரீம் வாங்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள், எப்போது பூசுகிறேன் என்று கேட்பவர் குறைவு. காய்ந்துபோன தோலில் விலை உயர்ந்த க்ரீமைப் பூசுவதைவிட ஈரத் தோலில் சாதாரண க்ரீமைப் பூசுவது நன்றாக வேலை செய்கிறது, என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

சரி, எதை வாங்குவது? பம்பு வைத்த பாட்டிலில் நீர்க்க வருகிற லோஷன் ஜூலைக்கு. அதில் பெரும்பகுதி தண்ணீர், பூசிய கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். குளிர்காலத்துக்கு டப்பாவிலிருந்து விரலால் எடுக்கிற கெட்டி க்ரீம் வேண்டும், ரொம்ப வறண்ட இடத்துக்கு அதற்கும் மேலே களிம்பு. பின்பக்கம் இருக்கும் பொருள் பட்டியலைப் படியுங்கள். கிளிசரின், யூரியா, ஹயலூரோனிக் அமிலம் இவை தண்ணீரைப் பிடித்து வைப்பவை. செராமைடு, ஷியா பட்டர் சுவரின் இடுக்கை நிரப்புபவை. பெட்ரோலாட்டம் (வாஸ்லைன் என்பது இதுதான்), டைமெதிகோன் மேலே மூடி போடுபவை. மூன்று வேலையும் நடக்க வேண்டும். ஹயலூரோனிக் அமில சீரத்தை மட்டும் பூசிவிட்டு மேலே மூடாமல் விட்டால், இந்த வறண்ட காற்றில் சிலருக்கு முகம் இன்னும் இழுத்துப் பிடிக்கும்.

மூடி போடுவதில் வாஸ்லைனை மிஞ்ச மலிவாக வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளில் பம்புத் தண்டுகளில் ஒட்டித் தொந்தரவு செய்த மெழுகை, தொழிலாளர்கள் வெட்டுக்காயத்துக்கும் தீக்காயத்துக்கும் பூசுவதைப் பார்த்த ராபர்ட் செஸ்பரோ என்ற வேதியியலாளர், அதைச் சுத்திகரித்து 1872-ல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் தோல் மருத்துவர்கள் அதையே சொல்கிறார்கள். இரவில் கை கழுவி, லேசாக ஒற்றிவிட்டு, விரல் கணுக்களில் ஒரு பட்டாணி அளவு வாஸ்லைன் தடவி, மேலே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுப் படுங்கள். என் கீறல்கள் மூடியது இப்படித்தான்.

தேங்காய் எண்ணெய் பற்றிக் கேட்காமல் எந்தத் தமிழ் வீடும் இருக்காது. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், அதனால் இங்கே ஆறு மாதமும் பாட்டிலில் வெள்ளைக் கட்டியாகத்தான் நிற்கும், வாயகன்ற டப்பாவில் மாற்றி வைத்துக்கொண்டால் ஸ்பூனால் வழித்து எடுக்கலாம். பிலிப்பைன்ஸில் நடந்து 2004-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், வறண்ட தோலுக்கு அது மினரல் ஆயில் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்) அளவுக்கே பயன் தந்தது. கைகாலுக்குத் தாராளமாகப் பூசுங்கள், முகத்தில் பரு வருகிறவர்கள் தவிர்த்துவிடுங்கள். ஆலிவ் எண்ணெயும் கடுகு எண்ணெயும் தோலின் அந்தச் சாந்தையே பலவீனப்படுத்துகின்றன, குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட மனசில்லாதவர்கள் நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள், ஆனால் சீயக்காயைத் தலையோடு நிறுத்திவிட்டு உடம்பில் இருக்கும் எண்ணெயைத் துண்டால் ஒற்றினால் போதும். பாத்டப்பில் வழுக்காத ரப்பர் விரிப்பு இல்லாமல் எண்ணெயோடு இறங்காதீர்கள், வயதானவர்கள் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

அம்மா ஊரிலிருந்து வந்து ஒரு குளிர்காலம் எங்களோடு இருந்தபோது, அவருடைய குதிகால் பாளம் பாளமாக வெடித்து, சாக்ஸ் நூல் அதில் மாட்டி இழுத்தது. நாம் பித்தவெடிப்பு என்கிறோம், பித்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தடித்துக் காய்ந்த தோல் உடம்பு எடை தாங்காமல் பிளக்கிறது. 20, 25 சதவீதம் யூரியா உள்ள பாத க்ரீமை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, இரவில் பூசி, மேலே வாஸ்லைன் போட்டு, பருத்தி சாக்ஸ் மாட்டிவிட்டோம். நாள் போகப் போக இளகியது. ரத்தம் தெரிகிற பிளவில் யூரியா எரியும், அங்கே வாஸ்லைன் மட்டும் போடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பிளேடால் சீவுவதோ, கல்லால் அழுத்தித் தேய்ப்பதோ கூடாது, தினமும் பாதத்தைப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

இன்னொன்று, நம் நிறத்துக்கு. வறட்சியோ எக்ஸிமாவோ (அரிப்போடு வரும் தோல் அழற்சி) வந்தால் தோல் சிவக்கும் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, சிவக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். மாநிறத்திலும் கருப்பிலும் அது சாம்பல் பூத்தாற்போல, அல்லது கரும்பழுப்பாக, ஊதா கலந்தாற்போலத் தெரியும். நகத்தால் லேசாகக் கீறினால் வெள்ளைக் கோடு நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் அது வறட்சி. சொறிந்து சொறிந்து புண்ணானால் ஆறிய பிறகும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

உதட்டை நாக்கால் தடவாதீர்கள், எச்சில் காயும்போது இருக்கிற ஈரத்தையும் சேர்த்து எடுத்துப்போகும். குளுகுளுவென்று இருக்கும் மெந்தால், கற்பூரம் போட்ட லிப் பாம் வேண்டாம். புதுப்பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், வெயில் நாளில் பனியில் வெகுநேரம் நின்றால் முகத்துக்கு சன்ஸ்கிரீன் போடுங்கள்.

காற்றையும் கவனியுங்கள். ஈரப்பதமானி 15, 20 டாலருக்குக் கிடைக்கும், அதை வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பிப்ரவரி காலையில் 17 சதவீதம் காட்டியது. 30-லிருந்து 50-க்குள் இருக்க வேண்டும். கடும் குளிரில் 30 போதும், அதற்கு மேல் போனால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து ஓரமெல்லாம் பூஞ்சை பிடிக்கும். ஹ்யூமிடிஃபையர் (காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி) வைத்தால் தண்ணீரைத் தினமும் மாற்றி, வாரம் ஒரு முறையாவது நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கிருமியைத்தான் அறை முழுக்க ஊதும். புகைபோல ஊதுகிற வகையாக இருந்தால் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றினால் மேசையெல்லாம் வெள்ளைத் தூசு படியும். ஹீட்டிங்கை 20, 21-க்கு இறக்கிவிட்டு ஒரு பனியன் கூடுதலாகப் போட்டுக்கொள்வது எல்லாவற்றையும்விட மலிவு. தண்ணீர் தாகத்துக்குக் குடியுங்கள், நாலு லிட்டர் குடித்தால் தோல் பளபளக்கும் என்று நம்பிக் குடிக்க வேண்டாம்.

பாத்திரம் கழுவும்போது கையுறை போடுங்கள். கம்பளி நேராகத் தோலில் உரசாமல் உள்ளே பருத்தி போடுங்கள். குழந்தைகளுக்கு வாங்கும்போது 'அன்சென்டட்' என்று இருப்பதை நம்பாதீர்கள், வாசனையை மறைக்கவும் வாசனைப் பொருள் சேர்ப்பார்கள், 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருப்பதை எடுங்கள். வாஸ்லைனும் கெட்டி க்ரீம்களும் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். அதைப் போட்டுக்கொண்டு குத்துவிளக்கு, கேஸ் அடுப்பு பக்கம் குனியாதீர்கள், அந்தத் துணிகளை அடிக்கடி துவையுங்கள்.

இரண்டு வாரம் இதையெல்லாம் செய்தும் அரிப்பில் தூக்கம் கெட்டால், நீர் கசிந்தால், மஞ்சளாகப் பொருக்குத் தட்டினால் டாக்டரிடம் போங்கள். அதற்கு முன்னால், ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவரும் 'எல்லா அரிப்புக்கும் ஒரே க்ரீம்' ட்யூபைத் திறக்காதீர்கள். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டும், பூஞ்சை மருந்தும், ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்திருக்கும், முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து ரத்த நாளம் வெளியே தெரிய ஆரம்பிக்கும். ஸ்டீராய்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை, எக்ஸிமாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் அவர் சொன்ன நாள்வரை போடுங்கள். ஏற்கெனவே அந்த ட்யூபைப் போட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.