விண்வெளிப் படங்களின் இயற்பியலை நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி?

விண்வெளிப் படம் என்றால் நான் இரண்டு முறை பார்ப்பேன். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, காட்சியை அங்கங்கே நிறுத்தி, கணக்குப் போட்டுப் பார்ப்பேன். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. பெருக்கல், வகுத்தல், வர்க்கம் தெரிந்தால் போதும். கைபேசியில் ஸ்டாப்வாட்ச், கால்குலேட்டர் இருக்கும். அதோடு ஒரு அளவுகோல், காம்பஸ், பழைய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குறை கண்டுபிடிப்பதற்காக இதைச் செய்யவேண்டாம். எந்த விதி எங்கே வளைகிறது என்று தெரிந்தால்தான், வளைக்காமல் எடுத்த காட்சிக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று புரியும்.

படி 1: வெளியே காற்று இருக்கிறதா?

ஒலி பரவ ஒரு பொருள் வேண்டும். வெற்றிடத்தில் அது இல்லை. ஆகவே வெளியே ஒரு கலம் வெடித்தால் பக்கத்துக் கலத்தில் இருப்பவருக்குச் சத்தம் கேட்காது. ஆனால் சிதறிய துண்டு கலத்தின் சுவரில் மோதினால் உள்ளே கட்டாயம் கேட்கும். இந்த வித்தியாசத்தைக் கவனித்து ஒலி சேர்த்த படங்களை நோட்டில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உடை கிழிந்தவுடன் மனிதர் பலூன்போல வெடித்துவிடுவதும், அடுத்த நொடியே பனிக்கட்டி ஆகிவிடுவதும் தவறு. வெற்றிடத்தில் வெப்பத்தைக் கடத்திச் செல்லக் காற்று இல்லையே, உடல் எப்படி அவ்வளவு வேகமாகக் குளிரும்? 1966-இல் நாசாவின் வெற்றிட அறையில் ஜிம் லெப்ளாங்க் என்பவர் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்தபோது காற்றுக் குழாய் கழன்றுவிட்டது. சுமார் 14 வினாடிகளில் நினைவு தப்பியது. அதற்கு முன் அவருக்குக் கடைசியாக நினைவில் நின்றது, நாக்கில் இருந்த எச்சில் கொதித்தது. உடனே அறைக்குள் காற்றை நிரப்பியதால் பிழைத்துவிட்டார். எனவே திரையில் யாராவது உடை இல்லாமல் வெளியே போனால் ஸ்டாப்வாட்ச்சை அழுத்துங்கள். பத்துப் பன்னிரண்டு வினாடிகளுக்குள் உள்ளே வந்துவிட்டால் அந்தக் காட்சியை நம்பலாம்.

படி 2: இவர்களுக்கு எடையைத் தருவது எது?

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசை இல்லாததால்தான் மிதக்கிறார்கள் என்று நானும் பல வருடங்கள் நம்பியிருந்தேன். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தரையில் உள்ள ஈர்ப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அங்கேயும் உண்டு. பிறகு ஏன் மிதக்கிறார்கள்? நிலையமும் அவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான். நொடிக்கு ஏறக்குறைய 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் போவதால், எவ்வளவு விழுந்தாலும் தரை வளைந்து விலகிக்கொண்டே போகிறது.

இதைக் கையில் பார்க்கலாம். பாட்டிலின் அடிப்பக்கத்தில் சின்னத் துளை போடுங்கள். துளையை விரலால் அடைத்துக்கொண்டு தண்ணீர் நிரப்புங்கள், மூடி வேண்டாம். உயரத் தூக்கி விரலை எடுத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். இப்போது அப்படியே பாட்டிலைக் கீழே விடுங்கள். விழுகிற அந்த அரை நொடியில் தண்ணீர் வெளியே வருவது நின்றுவிடும். கைபேசியில் ஸ்லோ மோஷனில் எடுத்தால் தெளிவாகத் தெரியும். துளை அங்கேயே இருக்கிறது, ஈர்ப்பும் இருக்கிறது. ஆனால் பாட்டிலும் தண்ணீரும் சேர்ந்து விழுவதால் ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. நிலையத்துக்குள் இருப்பவர்களின் நிலையும் இதுவே.

சரி, படத்தில் எல்லோரும் தரையில் சாதாரணமாக நடக்கிறார்களா? அப்படியென்றால் கலம் சுழலவேண்டும், அல்லது எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். சுழலும் சக்கரம் என்றால் இப்படிச் செய்யுங்கள்:

சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நான்கால் வகுங்கள். பூமியில் இருப்பதுபோன்ற எடை கிடைக்கச் சக்கரத்தின் ஆரம் எத்தனை மீட்டர் இருக்கவேண்டும் என்பது வந்துவிடும்.

30 வினாடி என்றால் 30 × 30 = 900, நான்கால் வகுத்தால் 225 மீட்டர். 10 வினாடி என்றால் 25 மீட்டர் போதும். மைய விலக்கு முடுக்கத்தின் சூத்திரத்தில் பூமியின் ஈர்ப்பு முடுக்கமான 9.8-ஐப் போட்டால் இந்த நான்கு கிட்டத்தட்ட துல்லியமாகவே வருகிறது. திரையில் தெரியும் சக்கரத்தின் அளவை மதிப்பிட, ஒரு கதவை 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஆரத்தில் எத்தனை கதவு அடங்கும் என்று எண்ணுங்கள். விடை 80 மீட்டர் என்று வந்து, தேவை 225 என்று இருந்தால், அங்கே எடை பூமியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அப்படியானால் நடிகர்கள் கொஞ்சம் துள்ளி நடக்கவேண்டும். அப்படி நடக்கிறார்களா என்று பாருங்கள்.

சின்னச் சக்கரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. 5 மீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் நிற்பவரின் கால் முழு எடையை உணரும்போது, 1.7 மீட்டர் மேலே இருக்கும் தலைக்கு மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். அது போக, வேகமாகச் சுழல்வதால் தலையைத் திருப்பினாலே குமட்டும்.

படி 3: எஞ்சின் ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா?

விண்வெளியில் உராய்வு இல்லை. எஞ்சினை அணைத்தால் கலம் நிற்காது, அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். நிற்கவேண்டுமென்றால் கலத்தைத் திருப்பி, எதிர்ப்பக்கமாக எஞ்சினை ஓட்டவேண்டும். வேகம் எடுக்க எவ்வளவு பாடுபட்டதோ அதே பாடு நிறுத்தவும் வேண்டும். கலம் பாதி வழியில் திரும்புகிற காட்சியைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருக்க ஏன் முடிவதில்லை? காரணம் எரிபொருள். 1903-இல் ரஷ்ய அறிஞர் கான்ஸ்டான்டின் சியால்கோவ்ஸ்கி வெளியிட்ட ராக்கெட் சமன்பாடு இதைச் சொல்கிறது. எஞ்சினிலிருந்து வாயு எந்த வேகத்தில் வெளியேறுகிறதோ, அந்த அளவு வேகம் கலத்துக்குக் கிடைக்க வேண்டுமானால் மொத்த நிறை 2.7-இல் ஒரு பங்காகக் குறையவேண்டும். அதைப்போல் மூன்று மடங்கு வேகம் வேண்டுமானால் 20 டன்னில் 19 டன் எரிபொருளாகவே இருக்கவேண்டும். நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட் புறப்படும்போது சுமார் 2,900 டன். கடைசியில் கடலில் வந்து இறங்கிய கூண்டு ஏறக்குறைய 5 டன்தான்.

பூமியின் எடை உணர்வு கிடைக்கும்படி இடைவிடாமல் எஞ்சினை ஓட்டினால், செவ்வாய் அருகில் இருக்கும்போது இரண்டே நாளில் போய் நின்றுவிடலாம். உண்மையில் நாசாவின் செவ்வாய் ஊர்தியான பெர்சிவரன்ஸ் 2020 ஜூலை 30-இல் கிளம்பி 2021 பிப்ரவரி 18-இல்தான் தரையிறங்கியது. வழி முழுக்க அநேகமாக எஞ்சின் இல்லாத பயணம். ஆகவே படத்தில் செவ்வாய்க்கு இரண்டு நாளில் போனால், ‘இவ்வளவு ஆற்றலை எங்கே வைத்திருக்கிறார்கள்?’ என்று நோட்டில் எழுதுங்கள்.

படி 4: பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது?

ஒளியும் ரேடியோ அலையும் நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகும். நிலவுக்கு 1.3 நொடி. செவ்வாய்க்கு, அது இருக்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம். போய்வர இரண்டு மடங்கு. செவ்வாயில் இருப்பவர் பூமியோடு நேருக்கு நேர் வாக்குவாதம் செய்தால் அது நடக்காத காரியம். பெர்சிவரன்ஸ் காற்று மண்டலத்துக்குள் நுழைந்த சேதி பூமிக்கு வந்துசேர 11 நிமிடத்துக்கு மேல் ஆனது. தரையிறங்க ஆகும் நேரமோ சுமார் 7 நிமிடம். சேதி வந்தபோது அது இறங்கியே விட்டது!

விண்மீன்களுக்கு இடையே என்றால் கணக்கே வேறு. 1977-இல் கிளம்பிய ‘வாயேஜர் 1’ விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியின் தூரம் 4.24 ஒளியாண்டு (ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம்தான் ஒளியாண்டு). இதே வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க சுமார் 75,000 வருடம் ஆகும்.

படி 5: கடிகாரத்தைக் காகிதத்தில் வரையுங்கள்

வேகமாகப் போகிறவரின் கடிகாரம் மெதுவாக ஓடும் என்று 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்னதைக் காம்பஸ் வைத்தே அளந்துவிடலாம். 10 சென்டிமீட்டர் ஆரத்தில் கால் வட்டம் ஒன்று வரையுங்கள். அடிக்கோடு வேகம், அதன் கடைசி முனை ஒளியின் வேகம். செங்குத்து உயரம் கடிகாரத்தின் ஓட்டம். கலம் ஒளியின் வேகத்தில் 60 சதவீதத்தில் போகிறதா? மையத்திலிருந்து அடிக்கோட்டில் 6 சென்டிமீட்டர் தள்ளி, வட்டத்தைத் தொடும்வரை நேராக மேலே கோடு போடுங்கள். அளந்தால் 8 சென்டிமீட்டர் இருக்கும். பூமியில் 10 வருடம் ஆகும்போது கலத்தில் 8 வருடம் என்று பொருள். 8-இல் போட்டால் உயரம் 6. 9.9-இல் போட்டால் 1.4-தான்.

இப்போது 1 சென்டிமீட்டரில் போட்டுப் பாருங்கள். உயரம் 9.95, அளவுகோலில் வித்தியாசமே தெரியாது. நம் அன்றாட வேகமெல்லாம் பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடுகிறது. அதனால்தான் இதை நாம் உணர்வதில்லை.

ஈர்ப்பும் காலத்தைப் பாதிக்கும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், வேகம், ஈர்ப்பு இரண்டின் விளைவையும் சேர்த்துப் பார்த்தால், தரையில் உள்ளவற்றைவிட ஒரு நாளைக்கு 38 மைக்ரோநொடி (நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோநொடி) முந்தும். அதைச் சரிசெய்யாவிட்டால் வரைபடத்தில் நாளுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் பிழை சேரும். 2014-இல் வந்த இன்டர்ஸ்டெல்லார் படத்தில் ஒரு கருந்துளைக்கு அருகில் உள்ள கிரகத்தில் ஒரு மணி நேரம் வெளியே 7 வருடத்துக்குச் சமம். 7 × 365 × 24 என்று பெருக்குங்கள்: 61,000 மடங்குக்கு மேல். அதன் அறிவியல் ஆலோசகர் கிப் தோர்ன், 2017-இல் நோபல் பரிசு பெற்றவர். கருந்துளை ஏறக்குறைய உச்சபட்ச வேகத்தில் சுழன்று, கிரகமும் மிக நெருங்கி இருந்தால் அது விதிக்கு உட்பட்டதே என்று கணக்கிட்டுத்தான் அந்த எண்ணை ஏற்றுக்கொண்டார்.

படி 6: குறுக்கு வழிகள்

வெளியின் இரண்டு இடங்களைச் சுரங்கம்போல இணைக்கும் புழுத்துளைகள் 1935-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் எழுதிய சமன்பாடுகளிலேயே தலைகாட்டுகின்றன. வெளியையே சுருக்கி விரித்துப் போகும் முறைக்கு 1994-இல் மிகேல் அல்குபியர் கணித வடிவம் கொடுத்தார். காகிதத்தில் இரண்டும் சரிதான். ஆனால் ஆள் கடந்துபோகும்படி புழுத்துளையைத் திறந்து வைக்கவும், அல்குபியர் சொன்ன முறைக்கும் எதிர்மறை ஆற்றல், அதாவது வெற்றிடத்தைவிடக் குறைவான ஆற்றல், வேண்டும், அதுவும் ஏராளமாக. அப்படி எதையும் இதுவரை யாரும் சேகரித்ததில்லை. இந்த வகைக் காட்சிகளுக்கு என் நோட்டில் தனிப் பக்கம் உண்டு. ‘எதிர்மறை ஆற்றல் எங்கிருந்து?’ என்று மேலே எழுதிவிட்டு, படத்தில் யாராவது அதற்கு ஒரு வரியாவது பதில் சொல்கிறார்களா என்று காத்திருப்பேன்.