‘தி ஃப்ராஜைல்’: ஓடாத ஆல்பம் என்று சொல்வதற்கு முன்

எந்திர ஒலிகளை ராக்கோடு கலக்கும் இண்டஸ்ட்ரியல் ராக் பற்றிப் பேச்சு வந்தால், அமெரிக்கக் குழுவான நைன் இன்ச் நெய்ல்ஸின் ‘தி ஃப்ராஜைல்’ ஆல்பத்தின் பெயரைக் கேட்டதும் யாராவது ஒருவர் “அது ஓடாத ஆல்பம்தானே?” என்பார். அவர் கையில் ஓர் எண் இருக்கும். 1999 செப்டம்பர் 21 அன்று வெளியான ஆல்பம் முதல் வாரத்தில் 2,28,000 பிரதிகள் விற்று, அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலான பில்போர்டு 200இல் முதலிடம் பிடித்தது. மறுவாரமே 16ஆம் இடத்துக்கு இறங்கியது. முதலிடத்திலிருந்து அப்படியொரு சரிவு அன்றைக்குச் சாதனை.

எண் சரி, அதைப் படிக்கும் விதம்தான் தவறு. குழுவின் முந்தைய ஆல்பமான ‘தி டவுன்வர்ட் ஸ்பைரல்’ வந்தது 1994 மார்ச்சில். ஐந்தரை ஆண்டு காத்திருந்தவர்கள் முதல் வாரத்திலேயே கடைக்கு ஓடினால் இரண்டாம் வாரம் கூட்டம் குறையத்தான் செய்யும். சரிவு காட்டுவது ரசிகர்களின் அவசரத்தை. ஆல்பத்தின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஆல்பத்துக்காக வாதாடுகிறவர்களும் சறுக்குகிறார்கள். “இரட்டை பிளாட்டினம் வாங்கியது, இருபது லட்சம் பேர் வாங்கினார்கள்” என்பது அவர்கள் கட்சி. பிளாட்டினம் என்பது பத்து லட்சம் எண்ணிக்கைக்கான விற்பனைச் சான்றிதழ். அமெரிக்கச் சான்றிதழ் முறையில் 100 நிமிடத்தைத் தாண்டும் இரட்டை ஆல்பத்தின் ஒவ்வொரு வட்டும் தனித்தனியாக எண்ணப்படும். ஆகவே இரட்டை பிளாட்டினம் என்றால் கடைகளுக்குப் போனது பத்து லட்சம் பெட்டிகள். அதுவே பெரிய எண்ணிக்கைதான். இரண்டால் பெருக்க வேண்டிய தேவை இல்லை.

விமர்சனங்களில் ஒன்றை மட்டும் உருவி எடுப்பதும் வழக்கமாகிவிட்டது. இசை விமர்சன இணையதளமான பிட்ச்ஃபோர்க் 10க்கு 2.0 கொடுத்தது என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஸ்பின் இசை இதழ் அதே ஆண்டின் சிறந்த ஆல்பமாக இதைத் தேர்ந்தெடுத்ததை யாரும் சொல்வதில்லை. மறுவெளியீட்டை ஒட்டி 2017இல் பிட்ச்ஃபோர்க்கே 8க்கு மேல் மதிப்பெண் போட்டது. அதை வைத்துக்கொண்டு “அன்று யாருக்குமே புரியவில்லை” என்று கதை கட்டுவதும் பிழை. பலருக்கு அன்றே புரிந்தது.

இனி கேட்பதற்கு வருவோம். பாடல்களைக் கலைத்துப் போட்டுக் கேட்பதைத்தான் நான் மன்னிக்கவே மாட்டேன். 23 தடங்கள், ஒரு மணி முக்கால் நேரத்துக்குச் சற்றுக் குறைவு, ‘இடது’, ‘வலது’ என்று இரண்டு வட்டுகள். பிங்க் ஃபிலாய்டின் ‘தி வால்’ தயாரிப்பில் பங்கெடுத்த பாப் எஸ்ரினை வரவழைத்து, எதற்குப் பின் எது என்று வரிசைப்படுத்தச் செய்தார் குழுவின் தலைவர் ட்ரெண்ட் ரெஸ்னர். (பெயர்தான் குழு, கடைசி முடிவு ரெஸ்னர் ஒருவருடையதே.) இடது வட்டின் முடிவை ஒட்டி ‘லா மெர்’ பாடலில் பியானோவில் ஒரு மெட்டு அலைபோல வந்துபோகிறது. வலது வட்டின் தொடக்கத்தில் ‘இன்டு தி வாய்ட்’ அதே மெட்டை எடுத்து ஆட்டத் தாளத்தில் ஏற்றுகிறது. வரிசை குலைந்தால் இந்த உறவு காதில் விழாது. அப்புறம் “ஒரே மாதிரி இருக்கிறது, நீளம்” என்ற புகார் வேறு. நீளம் என்பது உண்மைதான். முதல்முறை இரண்டு இரவுகளாகப் பிரித்துக் கேளுங்கள்.

இண்டஸ்ட்ரியல் என்றால் எந்திர இரைச்சல் மட்டுமே என்று எதிர்பார்த்து உட்காருபவர் ஏமாறுவார். ஆல்பத்திலிருந்து தனியாக வெளிவந்த முதல் பாடலான (சிங்கிள்) ‘தி டே தி வேர்ல்ட் வென்ட் அவே’ பாடலில் டிரம்ஸே கிடையாது. தனிப்பாடல்களுக்கான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 17ஆம் இடம் வரை போனது அதுதான். அந்தப் பட்டியலில் இந்தக் குழு தொட்ட உச்சமும் அதுவே. ‘ஈவன் டீப்பர்’ பாடலின் ஒலிக்கலவை ராப் உலகின் டாக்டர் ட்ரே செய்தது. மெல்லிய பகுதிகளுக்கு அடியில் கிடார் பல அடுக்காகக் கிடக்கிறது. கைப்பேசி ஒலிபெருக்கியில் அந்த அடுக்குகள் கரைந்துபோகும். நல்ல ஹெட்ஃபோன் வேண்டும்.

ஆல்பம் பதிவான, நியூ ஆர்லியன்ஸில் இருந்த ஸ்டுடியோ ஒரு காலத்தில் ஈமச்சடங்கு நிலையமாக இருந்த கட்டடம். இதைக் கேட்டதும் சிலர் பேய்க்கதைக்குப் போய்விடுகிறார்கள். இசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நண்பரோடு விவாதிக்கும் முன், அவரிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்பி தட்டில் ‘தி நியூ ஃப்ளெஷ்’, ‘டென் மைல்ஸ் ஹை’ என்று சிடியில் இல்லாத இரண்டு தடங்கள் உண்டு. சில பாடல்களின் வடிவமும் மாறியிருக்கும். 2016இல் வந்த ‘டீவியேஷன்ஸ் 1’ பெரும்பாலும் குரலே இல்லாத வேறொரு தொகுப்பு. இருவரும் வேறு வேறு ஆல்பத்தைக் கேட்டுவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம்.