மழையில் இறுகிப்போன போர்ட்டபிள் டைப்ரைட்டர்: ஸ்குரூ டிரைவர் எடுப்பதற்கு முன்னும் பின்னும்

என் முதல் மெஷினை ரங்கூனில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். கீயை அடித்தால் எழுத்து விழுந்தது, ஆனால் கேரியேஜ், அதாவது தாளைத் தாங்கி எழுத்துக்கு எழுத்து நகரும் மேல்பகுதி, அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் கண்ணில் பட்ட ஸ்குரூவை எல்லாம் கழற்றினேன். கேரியேஜை உருவியபோது உள்ளிருந்த சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் கட்டிலுக்கு அடியில் ஓடின. அவற்றில் ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை.

மிச்சத்தை அரிசிப் பையில் கட்டி, பன்சோடான் தெருவில் குடை விரித்து மனு அடித்துக் கொடுக்கும் பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஹைகோர்ட்டின் சிவப்புக் கட்டடம் 1911-இல் எழுந்தது. அதைச் சுற்றியுள்ள நடைபாதையில் டைப் அடிப்பவர்கள் உட்காருவது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த காட்சிதான். பையை அவிழ்த்துப் பார்த்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: “லாக்கை எடுத்துவிட்டுப் பார்த்தாயா?”

பார்க்கவில்லை, ஊலே (பர்மியத்தில் ‘மாமா’). தூக்கிப் போகும்போது கேரியேஜ் ஆடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஹெர்மெஸ் பேபி, ஒலிவெட்டி லெட்டெரா, பிரதர் என்று பல மெஷின்கள் என் மேஜைக்கு வந்து போய்விட்டன. உண்மையிலேயே ஏதாவது உடைந்து வந்தவை சிலதான். மற்றவற்றில் இருந்தது அழுக்கு, அல்லது யாரோ தெரியாமல் தள்ளிவைத்த ஒரு நெம்புகோல். அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படியில் வேலை முடிந்துவிட்டால் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

படி 1: வெறும் கையால் பார்ப்பது

மெஷினை வெளிச்சத்தில் வைத்து இவற்றைப் பாருங்கள்.

கேரியேஜ் லாக். பெரும்பாலும் கேரியேஜின் ஓரத்திலோ விசைப்பலகையின் பக்கத்திலோ ஒரு குட்டி நெம்பாக இருக்கும். சில மாடல்களில் கேரியேஜ் நடுவில் வந்து நின்றால்தான் லாக் விழும், விடுபடும்.

ரிப்பன் நிறம் மாற்றும் நெம்பு. அதில் கறுப்பு அல்லது நீலம், சிவப்பு, வெள்ளை என்று புள்ளிகள் இருக்கும். வெள்ளையில் வைத்தால் ரிப்பன் மேலே எழும்பாது, தாளிலும் எழுத்து விழாது. அது ஸ்டென்சில் (பிரதி எடுக்கும் மெழுகுத் தாள்) வெட்டுவதற்கான இடம். ‘புது ரிப்பன் போட்டும் எழுத்தே விழவில்லை’ என்று என்னிடம் வந்த மெஷின்களில் பாதி இந்த வெள்ளைப் புள்ளியில் இருந்தவை.

மார்ஜின். கேரியேஜ் பாதி வழியில் முட்டிக்கொண்டு நின்றால் இரண்டு மார்ஜின் நிறுத்திகளையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள்.

அடுத்தது நம் ஆட்களுக்கென்றே உள்ள ஒன்று. தமிழ் மெஷினிலோ பர்மிய மெஷினிலோ சில கீகளை அடித்தால் கேரியேஜ் நகராது. தமிழில் புள்ளியும் இகர மேல்விலங்கும் (ி) அப்படித்தான். எழுத்துக்கு மேல் வந்து உட்கார வேண்டியவை என்பதால் அவை விழுந்த இடத்திலேயே அடுத்த எழுத்தும் விழ வேண்டும். முதலில் புள்ளி, பிறகு மெய்யெழுத்து என்ற வரிசையில் அடிப்பார்கள். ஆங்கில மெஷினில் பழகியவர்கள் இதைப் பழுது என்று நினைத்து எஸ்கேப்மென்ட்டில் (கேரியேஜை ஒவ்வோர் எழுத்தாக நகரவிடும் பல்சக்கர அமைப்பில்) கைவைத்துவிடுவார்கள். நகராத கீகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

படி 2: சாமான்கள்

நல்ல ஸ்குரூ டிரைவர் இரண்டு, வாய் ஸ்குரூவின் பள்ளத்தில் ஆடாமல் பொருந்த வேண்டும். பழைய பல் துலக்கும் பிரஷ். ஓவியம் தீட்டும் மெல்லிய பிரஷ். கிழிந்த கைலித் துணி. லைட்டரில் ஊற்றும் பெட்ரோல், அல்லது ஒயிட் ஸ்பிரிட். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்ன குப்பி. கழற்றும் ஸ்குரூக்களைப் போட்டுவைக்க நம் வீட்டில் அரிசி அளக்கும் பால் டின்னே போதும். ஒவ்வொரு ஸ்குரூவையும் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுங்கள்.

வாங்கக் கூடாதவை: பெயின்ட் தின்னர், அசிட்டோன். இரண்டும் மெஷினின் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும். மண்ணெண்ணெய் மலிவுதான், ஆனால் காய்ந்த பிறகு ஒரு பிசுக்கை விட்டுப் போகும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். அடித்த அன்றைக்கு மெஷின் பறக்கும், சில மாதம் கழித்து அதே ஸ்ப்ரே பசையாகி முன்னைவிட மோசமாக இறுகும்.

லைட்டர் பெட்ரோலும் ஒயிட் ஸ்பிரிட்டும் சட்டென்று தீப்பிடிப்பவை. ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால், நம் ஊரில் போகத்தான் செய்யும், மெழுகுவத்தி கொளுத்தாதீர்கள். டார்ச் வெளிச்சம் போதும், இல்லையென்றால் மறுநாள் பகலில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: சுத்தம் செய்வது

பெரும்பாலான மெஷின்களுக்கு வைத்தியம் இந்தப் படியிலேயே முடிந்துவிடும்.

ரிப்பனை எடுத்துவிடுங்கள். மேல்மூடியைத் திறந்தால் எழுத்துத் தண்டுகள் விசிறிபோல் படுத்திருப்பது தெரியும். அவை வேர்விடும் இடத்தில் அரைவட்டமாக ஓர் இரும்புத் துண்டு இருக்கும், அதில் தண்டுக்கு ஒன்றாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். இதைத்தான் செக்மென்ட் என்பது. கீ ஒட்டிக்கொள்கிறது, போன தண்டு திரும்பி வர மறுக்கிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் இந்தப் பள்ளங்களில் இருக்கிறான். பழைய எண்ணெய், தூசி, ரப்பர்த் துகள் மூன்றும் சேர்ந்து மழைக்கால ஈரத்தில் களியாகியிருக்கும். ரப்பர்த் துகள் எப்படி வந்தது என்கிறீர்களா? தவறாக அடித்ததை அழிக்கும்போது கேரியேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அழிக்க வேண்டும். அவசரக்காரர்கள் நடுவில் வைத்தே தேய்ப்பார்கள், துகளெல்லாம் நேராகச் செக்மென்ட்டில் கொட்டும்.

முதலில் காய்ந்த பிரஷால் தூசியைக் கூட்டி எடுங்கள். பிறகு அடியில் துணியை விரித்து, மெல்லிய பிரஷால் பள்ளங்களுக்குள் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒவ்வொரு கீயையும் இருபது முப்பது தடவை அடியுங்கள். கரைந்த அழுக்கு கறுப்பாக ஒழுகும், துணியால் ஒற்றி எடுங்கள். பத்து நிமிடம் விட்டு மறுபடியும் செய்யுங்கள். மூன்று சுற்றாவது தேவைப்படும். முதல் சுற்றில் கீ லேசாகிவிட்டது என்று நிறுத்தாதீர்கள், ஸ்பிரிட் காய்ந்ததும் மிச்ச அழுக்கு திரும்ப இறுகும். ஓர் இரவு முழுக்கக் காயவிட்டு, காலையில் அடித்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

செக்மென்ட்டுக்கு எண்ணெய் விடாதீர்கள். ஒரு சொட்டுகூட வேண்டாம். காய்ந்த இரும்பு காய்ந்த பள்ளத்தில் ஆடும்படி செய்யப்பட்டது அது. எண்ணெய் தேவைப்படும் இடங்கள் கொஞ்சம்தான்: கேரியேஜ் ஓடும் தண்டவாளம், ரிப்பன் ஸ்பூல் சுற்றும் அச்சு. அங்கேயும் ஊசி முனையில் தொட்டு வைக்கிற அளவு போதும்.

தண்டின் நுனியிலுள்ள எழுத்துகளைக் காய்ந்த பல் பிரஷால் தேயுங்கள். ஆங்கில மெஷினில் ஓ, ஈ, ஏ ஆகியவற்றின் வயிற்றில் மை அடைந்து கறுப்புப் பொட்டாக விழும். பர்மிய எழுத்து எல்லாமே வட்டம், அங்கே இந்த வேலை இன்னும் அதிகம். ஊசியால் குத்தி எடுக்க ஆசை வரும், ஆனால் எழுத்தின் ஓரம் மழுங்கிவிடும். கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு ஊறவிட்டால் பிரஷுக்கே வந்துவிடும்.

எல்லாம் சுத்தமாகியும் ஒரே ஒரு தண்டு பக்கத்துத் தண்டோடு உரசினால் அது வளைந்திருக்கலாம். இரண்டு கீயை ஒன்றாக அடித்து, சிக்கியதைப் பிடித்து இழுத்திருப்பார்கள். விரலால் ஒரு மயிரிழை நிமிர்த்தி அடித்துப் பாருங்கள். குறடு வேண்டாம்.

படி 4: கேரியேஜை இழுக்கும் நூல்

லாக் விட்டாயிற்று, சுத்தமும் செய்தாயிற்று, அப்படியும் ஸ்பேஸ் பாரை அடித்தால் கேரியேஜ் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இப்போது மெஷினைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலான போர்ட்டபிள்களில் இடது மூலையில் (இடம், வலம் எல்லாம் டைப் அடிப்பவர் பக்கமிருந்து சொல்கிறேன்) ஒரு வட்ட டப்பா இருக்கும். உள்ளே சுருள்வில். அதிலிருந்து ஒரு நாடா அல்லது நூல் கிளம்பி கேரியேஜின் வலது முனையில் மாட்டியிருக்கும். சுருள்வில் அதை இழுக்கிறது, எழுத்துக்கு எழுத்து கேரியேஜ் இடப்பக்கம் போகிறது. பழைய பருத்தி நாடா நம் ஊர் ஈரத்தில் இற்றுப்போய் அறுந்து தொங்குவது சகஜம்.

மாற்றாக, மீன் பிடிக்கும் பின்னல் நூலை வாங்குங்கள். ஒற்றை இழை நைலான் வேண்டாம். அது விறைப்பாக நின்று டப்பாவில் சுற்ற மறுக்கும், இழுத்தால் நீளும்.

கேரியேஜை வலது கோடிக்குத் தள்ளி, டப்பாவிலிருந்து கொக்கிவரை அளந்து, டப்பாவைச் சுற்றி ஒரு சுற்றுக்கான நீளம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். ஒரு முனையை டப்பாவில் முடிச்சிடுங்கள், மறுமுனையில் கொக்கிக்கான வளையம் போடுங்கள். பிறகு கேரியேஜை இடது கோடிக்குக் கொண்டுவாருங்கள். டப்பாவைச் சுருள்வில் இறுகும் திசையில் 3 அல்லது 4 சுற்று சுற்றி, கையை எடுக்காமல் நூலைக் கொக்கியில் மாட்டுங்கள். கை நழுவினால் டப்பா தடதடவென்று அவிழ்ந்து சுழலும். விரலில் அடிபடும், உள்ளே வில்லின் முனையும் விடுபடலாம். இந்த இடத்துக்கு மட்டும் வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி இந்த வேலையில் இப்போது என்னைவிடத் தேர்ந்தவள்.

இறுக்கம் சரியா என்று வரியின் தொடக்கத்தில் பார்த்துப் பயனில்லை. அங்கே வில் நன்றாக இழுபட்டிருக்கும், எல்லாமே ஓடும். வரியின் கடைசியில்தான் வில் தளர்ந்திருக்கும். மணி அடித்த பிறகும் கடைசி எழுத்துவரை கேரியேஜ் தயங்காமல் போனால் போதும். தயங்கினால் ஒரு சுற்று கூட்டுங்கள். ‘இருக்கட்டுமே’ என்று அதிகமாக இறுக்கினால் எழுத்துகளுக்கு நடுவே இடம் தாவும்.

இன்னொன்று: எழுத்தின் மேல் எழுத்து விழுந்தால் உடனே வில்லை இறுக்காதீர்கள். முதலில் தண்டவாளத்தைத் துடையுங்கள். கேரியேஜைக் கழற்றாமல், அங்கும் இங்கும் தள்ளித் துடைத்தாலே போதும். கழற்றினால் குண்டுகள் எங்கே ஓடும் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

படி 5: பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒரே கோட்டில்

ஆங்கில மெஷினில் பெரிய ஹெச், சின்ன ஹெச் இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு வரி அடியுங்கள். பாதங்கள் ஒரே கோட்டில் நின்றால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள்.

நிற்கவில்லையென்றால் ஷிஃப்ட்டை முழுக்க அழுத்தித்தான் அடித்தோமா என்று இன்னொரு முறை பாருங்கள். பழகாத சுண்டுவிரல் பாதியில் நிறுத்திவிடும். அதுவும் சரியென்றால் ஷிஃப்ட் முட்டி நிற்கும் இடத்தில் தூசிக்கட்டி இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். அதன் பிறகுதான் ஸ்குரூ.

ஹெர்மெஸ் பேபி, ஒலிம்பியா எஸ்எம்3 போன்றவற்றில் ஷிஃப்ட் அழுத்தினால் கேரியேஜ் மேலே எழும். எஸ்எம்9 போன்றவற்றில் தண்டுக்கூடை கீழே இறங்கும். இரண்டு வகையிலும் மேல் எல்லைக்கு ஒன்று, கீழ் எல்லைக்கு ஒன்று என நிறுத்தும் ஸ்குரூக்கள் இருக்கும், மேலே பூட்டு நட்டும் இருக்கும். கேரியேஜ் எழும் மெஷினில் பெரிய எழுத்து கோட்டுக்கு மேலே தூக்கி நின்றால், கேரியேஜ் போதிய அளவு உயரவில்லை என்று பொருள். கீழே தொங்கினால் அளவுக்கு மேல் உயர்கிறது. கேட்டதும் தலைகீழாகத் தோன்றும். எழுத்து அதே உயரத்தில்தான் வந்து அடிக்கிறது, தாள்தான் ஏறி இறங்குகிறது என்று நினைத்துப் பார்த்தால் விளங்கும்.

நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவைக் கால் சுற்று, நட்டை இறுக்கி, ஒரு வரி அடி. ஒரு நேரத்தில் ஒரு ஸ்குரூ மட்டும். சின்ன எழுத்தின் தலையும் காலும் சமமான கறுப்பில் விழுந்தால் கீழ் ஸ்குரூவைத் தொடவே தொடாதீர்கள், மேல் ஸ்குரூவில் மட்டும் வேலை செய்யுங்கள். எத்தனை கால் சுற்று, எந்தப் பக்கம் என்று அடித்த வரியின் பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். திரும்பி வர வழி தெரியும்.

ரோலருக்கும் (தாள் சுற்றி நிற்கும் ரப்பர் உருளை) எழுத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மாற்றும் ஸ்குரூக்களும் உண்டு. முதல் மெஷினில் அவை பக்கம் போகாதீர்கள்.

படி 6: ரிப்பனும் ரோலரும்

பெரும்பாலான மெஷின்களுக்கு அரை அங்குல ரிப்பன், அதாவது 12.7 மி.மீ. பழைய ஸ்பூலைத் தூக்கிப் போடாமல் புது ரிப்பனை அதிலேயே சுற்றிக்கொள்ளுங்கள், கடையில் வரும் ஸ்பூல் பொருந்தாமல் போகலாம். ரிப்பனின் இரு முனையிலும் ஓர் உலோகக் கண் இருக்கும். அது போய் முட்டினால்தான் பல மெஷின்களில் ரிப்பன் திசை திரும்பும். உள்பக்கமாக மறைத்துச் சுற்றிவிடாதீர்கள்.

ரோலர் ரப்பர் கல்லாக இறுகியிருந்தால் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் வைத்து அடியுங்கள். சத்தமும் குறையும், முற்றுப்புள்ளி தாளைத் துளைப்பதும் நிற்கும்.

மழைக்காலத்தில் வைக்கும் விதம்

ஜூன் முதல் அக்டோபர்வரை பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். பெட்டியின் உள்துணி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சை முதலில் அங்கேதான் பிடிக்கும். மேஜைமேல் பருத்தித் துணி போர்த்தி வைத்து, வாரத்துக்கு ஒரு பக்கமாவது அடியுங்கள். பல நாள் தொடப்போவதில்லை என்றால் தாளை விடுவிக்கும் நெம்பை முன்னால் இழுத்து வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடியிலுள்ள சின்ன ரப்பர் உருளைகள் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகி, அடுத்த முறை தாள் கோணலாக ஏறும்.